கால் நின்ற பிறகுதான் பாம்பு தெரிந்தது: அத்தைக்கு நான் என்ன சொல்ல?

டவுங்கூ மருமகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் டவுங்கூவுக்குத் தெற்கே, ரங்கூன் பாதையை ஒட்டிய ஒரு கிராமம் எங்களுடையது. நெல்லு, அது முடிந்ததும் உளுந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறேன். எழுதுவது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இதை எழுத நாலு நாளாக உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பூகம்பம் வந்தபோது மதியம் 12.50. நான் சந்தையில் இருந்தேன். வீட்டுக்காரர் மலேசியாவில் வேலை செய்கிறார். வீட்டில் அத்தையும் (என் மாமியார், 63 வயது) என் மகளும்தான். மகளுக்கு அப்போது நாலு வயது, உள்ளறையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தரை ஆடத் தொடங்கியதும் அத்தை அடுப்படி நிலைக்காலைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளறை ஆறு எட்டு வைக்கும் தூரம்தான். பிள்ளை அலறியது கேட்டதா என்று கேட்டால், "கேட்டுச்சு, ஆனா கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி" என்கிறார்கள். எதிர்வீட்டுப் பர்மாக்கார அக்கா ஓடி வந்து பிள்ளையைப் பாயோடு வாரிக்கொண்டு போனார். திரும்பி வந்து அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வெளியே இழுக்க முடிந்ததாம். பின்சுவர் பாதி விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

மூன்றாம் நாள் ஒரு உறவுக்காரப் பெண் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "பெத்தவளா இருந்தா ஓடியிருப்பா." அத்தை உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து பேத்தியைத் தனியாக வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். "என்னை நம்பி விட்டுட்டுப் போவாத" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். பாதையில் கனத்த லாரி போனால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுகிறார்கள். அதைப் பார்த்து என் மகளும் அழுதுகொண்டே ஓடுகிறாள்.

நான் பெற்றவள். எனக்கு அத்தை மேல் ஒரு துளி வருத்தமும் கிடையாது. அதை எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் காதில் ஏறவில்லை.

இப்போது எனக்கு நடந்தது. நவம்பரில் அறுவடைக்காக வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். தலையில் சோற்றுக்கூடை, மனசு முழுக்கக் கூலிக் கணக்கு. திடீரென்று வலது கால் அந்தரத்தில் நின்றது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது: ஒரு முழம் தள்ளி, வைக்கோல் நிறத்தில், உடம்பெல்லாம் வட்ட வட்டமாக, கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. கால் நின்ற பிறகுதான் பாம்பு தெரிந்தது. முன்பின் மாறிச் சொல்லவில்லை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்படியானால் என் காலை நிறுத்தியது யார்? என்னைக் கேட்காமல் என்னை நிறுத்திய அதுவேதான் அத்தையையும் நிறுத்தியதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தைக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், ஆகவே தமிழிலேயே எழுதுங்கள்.

நியாங்லேபின் விவசாயி

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு. வரப்புல போறப்ப முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போடு. என் தம்பிய 1998ல விரியன் கடிச்சுது. காலு வீங்குனது பெருசில்ல, மூணாம் நாளு மூத்திரம் நின்னு போச்சு. சிறுநீரகத்தை அடிக்கிற விஷம் அது. பொழச்சுக்கிட்டான், ஆனா ஆறு மாசம் படுக்கை. நம்ம ஊருல நெல்லு அறுப்புலதான் அது அதிகமா கடிக்குது. எலியத் தேடி வயலுக்கு வருது.

நீ சொன்ன மாதிரி எனக்கும் நடந்திருக்கு. பாம்புக்கும் நின்னிருக்கேன், மாட்டுக் கயித்துக்கும் நின்னிருக்கேன். கயிறுன்னு தெரிஞ்ச பெறகும் நெஞ்சு அடங்க நேரமாகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல.

உன் மாமியார் கிட்ட ஒண்ணு சொல்லு. பூகம்பத்தன்னிக்கு எங்க வீட்டு எருமை ரெண்டுல ஒண்ணு முளைக்குச்சியப் புடுங்கிக்கிட்டு ஓடிச்சு. இன்னொண்ணு நாலு காலையும் அகட்டி நின்னுது, கண்ணு மட்டும் உருண்டுச்சு. அதுக்குப் பக்கத்துலயே அதோட கன்னுக்குட்டி கட்டியிருந்துச்சு. அது கன்னு மேல ஆசையில்லாத மாடு இல்ல. இன்னிக்கும் யாரையும் கன்னுகிட்ட அண்ட விடாது.

மோல்மேன் டீச்சர்

மகளே, மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பில் பர்மியமும் ஆங்கிலமும்தான் பேசினேன். இதைத் தமிழில் சொல்வது இதுவே முதல் தடவை. உன் அத்தைக்காக என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

உன் காலிலிருந்து தொடங்குவோம். கண்ணில் பட்டதெல்லாம் மூளையின் பின்புறத்துக்குப் போய், அங்கே அலசப்பட்டு, "இது பாம்பு" என்று பெயர் பெற்ற பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது. ஆனால் அதே செய்தி வேறு வழிகளிலும் போகிறது. மூளையின் நடுவில் தலாமஸ் என்ற சந்தி இருக்கிறது. அதன் பின்பகுதிக்குப் பல்வினார் என்று பெயர். பாம்பையே கண்டிராத ஜப்பானிய மக்காக் குரங்குகளுக்குப் படங்களைக் காட்டி, அந்தப் பகுதியின் நரம்பணுக்களை அளந்து பார்த்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு அது. முகம், கை, வெறும் வடிவங்கள் இவற்றைவிடப் பாம்புப் படத்துக்கு அந்த அணுக்கள் வேகமாகவும் பலமாகவும் துடித்தன. பாம்பைக் கண்டுபிடிக்க வேண்டிய நெருக்கடியில்தான் குரங்கினத்தின் பார்வையே கூர்மை பெற்றது என்று லின் இஸ்பெல் என்ற ஆய்வாளர் 2006இல் வாதிட்டிருந்தார். இந்த அளவீடு அவருக்குக் கை கொடுத்தது.

அடுத்து அமிக்டலா. காதுக்கு நேரே உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு வடிவில் இருக்கிறது. எலிகளில் ஒலி மூலம் வரும் ஆபத்தை ஜோசப் லெடூ பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு ஒரு குறுக்குப்பாதை உண்டு, பெருமூளைப் புறணி என்ற மூளையின் மேலடுக்கைச் சுற்றிக்கொண்டு வரும் நீண்ட பாதையும் உண்டு. குறுக்குப்பாதைச் செய்தி எலியில் சுமார் 12 மில்லிசெகண்டில் வந்துவிடுகிறது. அது கலங்கலான செய்தி, கயிறா பாம்பா என்று பிரித்துச் சொல்லாது. நியாங்லேபின் ஐயா மாட்டுக் கயிற்றுக்கு நின்றது இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மனிதரின் பார்வையில் இந்தக் குறுக்குப்பாதைக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. அதனால் இதை ஒரே விளக்கமாகக் கொண்டுவிடாதீர்கள்.

அமிக்டலாவைப் "பயத்தின் இருப்பிடம்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்தப் பேச்சு பரவ லெடூவின் வேலையும் ஒரு காரணம். பிற்காலத்தில் அவரே அதை மறுத்தார். ஆபத்தைக் கண்டு உடலைத் தயார்ப்படுத்தும் சுற்று வேறு, "நான் பயப்படுகிறேன்" என்று நாம் உணர்வது வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததால்தான் குழப்பம் என்றார். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. உன் கால் நின்றபோது உன்னிடம் பயமே இல்லை. மனசில் கூலிக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. பயம் பின்னால் வந்தது.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்ட ஒரு அமெரிக்கப் பெண்மணியின் கதையும் இதற்குப் பொருந்தும். ஓர் அரிய நோயால் இரண்டு அமிக்டலாவும் அழிந்துபோனவர். பாம்பு போன்ற அரிய வளர்ப்புப் பிராணிகளை விற்கும் கடையில் பாம்பைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார், பயம் வரவில்லை. அமிக்டலா இல்லையென்றால் பயமே இல்லை என்று நினைத்தார்கள். பிறகு 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது அவர் திகிலில் துடித்துப்போனார். 2013இல் வந்த செய்தி. மூச்சு முட்டுவது உடலுக்குள்ளிருந்து வரும் ஆபத்து. அதற்கு வேறு வாசல் இருக்கிறது.

இனி அத்தைக்கு வருகிறேன். அம்மா, இதை உங்களிடம் நேராகவே சொல்கிறேன்.

ஆபத்து வந்தால் சண்டை அல்லது ஓட்டம் என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் உறைந்து நிற்பது. நடுமூளையில் ஒரு மெல்லிய குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நரம்புத் திரள் இருக்கிறது. அதன் மேல்புறம் தூண்டப்பட்டால் விலங்கு ஓடுகிறது. கீழ்ப்புறம் தூண்டப்பட்டால் அப்படியே நிற்கிறது. நிற்கும்போது தசை முறுக்கேறியிருக்கும், இதயம் வேகம் குறையும், புலன்கள் எல்லாம் ஒரே பக்கம் குவியும். அது சும்மா நிற்பது இல்லை. புலியும் பருந்தும் பெரும்பாலும் அசைவை வைத்தே இரையைக் கண்டுபிடிக்கின்றன. அசையாதது தப்பித்தது. அந்த வழியில் தப்பியவர்களின் சந்ததிதான் நாம் எல்லோரும். கூரைக்கு நம் அசைவு தெரியாது, ஓடு விழுந்தால் விழுந்ததுதான். ஆனால் நடுமூளைக்குப் புலியும் கூரையும் ஒன்றே.

2007இல் லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். கணினி விளையாட்டில் ஒரு பூதம் ஆளைத் துரத்தும், பிடித்தால் கையில் மின்சாரம் சுரீர் என்று பாயும். பூதம் தூரத்தில் இருந்தபோது நெற்றிக்குப் பின்னால் இருக்கும், யோசிக்கிற பகுதி வேலை செய்தது. நெருங்க நெருங்க வேலை அங்கிருந்து நடுமூளைக்கு இறங்கிவிட்டது. தரை ஆடுவதைவிட நெருங்கிய ஆபத்து எது? தூரம் என்பதே அதற்கு இல்லை. "பேத்தியை எடுக்கலாமா வேண்டாமா" என்று நீங்கள் யோசித்து, வேண்டாம் என்று நிற்கவில்லை அம்மா. யோசிக்கும் இடத்துக்கு அந்த நேரத்தில் முறை வரவேயில்லை. பெற்றவளாக இருந்தாலும் இதே நடுமூளைதான்.

இன்னொன்று. இதைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். சுண்டெலிக்கு மேலே ஒரு கரிய வட்டத்தை விரித்துக் காட்டினால், பருந்து இறங்குகிறது என்று நினைத்து அது ஓடும் அல்லது உறையும். எப்போது ஓடுகிறது, எப்போது உறைகிறது? 2017இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வு சொல்கிறது: ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி இருப்பது எலிக்குத் தெரிந்திருந்தால் நேரே அதற்குள் ஓடுகிறது. அப்படி ஓர் இடம் இல்லையென்றால் உறைந்து நிற்கிறது. பெட்டிக்குள் ஒரே ஒரு முறை போய் வந்திருந்தாலே போதும். எலியை வைத்து மனிதரை அப்படியே அளந்துவிட முடியாது என்பதை மாணவர்களுக்கு நூறு முறை சொன்னவள் நான். ஆனாலும் கேட்கிறேன்: அந்த வீட்டில், தரை ஆடினால் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கு யாராவது என்றாவது சொல்லித் தந்தார்களா?

லாரிக்கு ஓடுவது பழகிக்கொண்ட அச்சம். அதிர்வும் ஆபத்தும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன. அந்த முடிச்சை அழிக்க முடியாது, ஆனால் "இந்த அதிர்வால் ஒன்றும் ஆவதில்லை" என்ற புதிய பாடத்தை அதன் மேல் எழுத முடியும். நெற்றிப் பகுதி அமிக்டலாவை அடக்கக் கற்றுக்கொள்கிறது. முற்றத்திலேயே உட்கார்ந்து, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, லாரிகள் போவதை வேடிக்கை பாருங்கள். சில நாளில் தணியும். வேறு ஊருக்குப் போனால் மறுபடி தலை தூக்கலாம், பயந்துவிடாதீர்கள். தூக்கமில்லாமல், அந்த நாள் திரும்பத் திரும்பக் கண் முன்னால் வந்துகொண்டிருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடந்து மாதக்கணக்காகிவிட்டது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேத்தியைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பு மேல் பயமில்லை. வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் படத்தில் பார்த்ததும் பயம் தொற்றிக்கொண்டது. அதே அலறலைப் பூவோடு சேர்த்துக் காட்டியபோது தொற்றவில்லை. 1989இல் வந்த ஆய்வு. பிள்ளை லாரியைப் பார்த்து அழவில்லை, பாட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் அழுகிறது. பாட்டி முகம் தெளிந்தால் அதுவும் தெளியும்.

மாண்டலே வாசி

டீச்சர், நான் எதிர்ப்பக்கம். நான் ஓடியவன்.

மாண்டலேயில் மூன்றாம் மாடியில் தம்பியும் நானும் தங்கியிருந்தோம். ஆட்டம் தொடங்கியது நினைவிருக்கிறது, அடுத்த நினைவு தெருவில் வெறுங்காலோடு நிற்பது. நடுவில் படிக்கட்டு நினைவில் இல்லை. தம்பி குளியலறையில் இருந்தான். அவன் பெயரைக்கூட நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனாகவே வந்துவிட்டான், நெற்றியில் ஒரு கீறலோடு. இன்றுவரை அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மா நின்றதற்கு அழுகிறார்கள், நான் ஓடியதற்கு. நடுமூளை செய்தது என்று சொல்லிவிட்டால் எனக்குப் பொறுப்பே இல்லையா? அப்படி நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மோல்மேன் டீச்சர்

தம்பி, படிக்கட்டு நினைவில்லை என்றீர்களே, அதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். அந்த நிமிடத்தில் முடிவெடுத்தவர் என்று ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு நினைவு இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். அது என் எண்ணம், பாடநூல் இல்லை. முதல் சில நொடிகளுக்கு உங்களிடம் கணக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தெருவில் நின்று, தம்பி வரவில்லை என்று உணர்ந்த நொடியிலிருந்து நீங்கள் நீங்களாக இருந்தீர்கள். அப்போது என்ன செய்தீர்கள்?

மாண்டலே வாசி

திரும்பி உள்ளே போகப் பார்த்தேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை அடித்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சில நிமிடத்தில் மறுபடி ஒரு பெரிய ஆட்டம் வந்தது, அப்போது தம்பி என் பக்கத்தில்தான் நின்றான், நான் அவன் சட்டையைப் பிடித்திருந்தேன்.

இன்றைக்கு இரவு அவனிடம் பேசுகிறேன்.

டவுங்கூ மருமகள்

எல்லாவற்றையும் நேற்று சாயங்காலம் அத்தைக்கு வாசித்தேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டார்கள். எருமைக் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கை நின்றது. மாண்டலே அண்ணன் எழுதியதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள். "அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

எலிக்குப் பெட்டி இருந்த இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். "அதுக்குப் பெட்டி இருந்துச்சு. நமக்கு இங்க எந்த எடம்?" என்று கேட்டார்கள். பத்து மாதத்தில் பூகம்பத்தைப் பற்றி அவர்களாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி இது.

மேசைக்கடியில் போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் மேசை கிடையாது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள். என்ன செய்வது?

மோல்மேன் டீச்சர்

மேசை வரும்வரை இப்படிச் செய்யுங்கள்: சன்னலும் அலமாரியும் இல்லாத ஓர் உட்பக்க மூலை, விரிசல் விட்ட சுவரை விட்டுத் தள்ளி. முழங்காலிட்டு, பிள்ளையைக் கீழே வைத்து, இரு கையாலும் தலையையும் பிடரியையும் மூட வேண்டும். சொல்லிக் கொடுத்தால் போதாது. அம்மாவே எழுந்து, அடுப்படியிலிருந்து அந்த மூலைக்கு நடந்து போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளையோடு, தினமும் ஒரு முறை, விளையாட்டாக.

நியாங்லேபின் விவசாயி

தங்கச்சி, எங்கிட்ட பழைய பிங்காடோ மரப் பலகை கிடக்கு. பழைய பாலத்துல இருந்தது, இரும்பு மாதிரி. காலு நாலும் கனமா வெச்சு, குறுக்குச் சட்டம் போட்டு ஒரு மேசை அடிச்சு லாரியில ஏத்தி விடறேன். காசு கீசுன்னு பேசாத. அளவு மட்டும் சொல்லு.

டவுங்கூ மருமகள்

அண்ணா, இப்போதுதான் அளந்தோம். அத்தை குனிந்து உட்கார்ந்தால் உயரம் ஒன்றே முக்கால் முழம். மடியில் பிள்ளை இருந்தால் முட்டிக்கு இடம் வேண்டும், அகலம் இரண்டரை முழம் வையுங்கள். பிடித்துக்கொள்ளக் கால் மெலிதாக இருக்க வேண்டும், கை கொள்ளும் அளவுக்கு என்று அத்தை சொல்லச் சொன்னார்கள். நீளம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். நானும் உள்ளே வர வேண்டுமாம்.